அழியா உடல் புனிதத்துக்குச் சான்றா?

கேள்வி: பிரான்சின் நெவேர் நகரில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும், லூர்து அன்னையின் காட்சி கண்ட புனித பெர்னதெத்தின் உடல் அழியாதது என்று சிறுவயது முதல் நம்பி வந்தேன். அவரது முகத்தில் இருப்பது மெழுகு என்று அண்மையில் அறிந்து மனம் வருந்தினேன். அழியா உடலைத் திருச்சபை எவ்வாறு பார்க்கிறது?

பதில்: முகத்திலும் கைகளிலும் மெல்லிய மெழுகு உறை இருப்பது உண்மையே, அதில் மறைக்க எதுவும் இல்லை. 1879-இல் இறந்த பெர்னதெத்தின் கல்லறை, புனிதர் பட்ட விசாரணையின் பொருட்டு 1909, 1919, 1925 ஆகிய ஆண்டுகளில் திறக்கப்பட்டது. முதன்முறை திறந்தபோது, கையிலிருந்த செபமாலை துருவேறியிருந்தும் உடல் சிதையாமல் இருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தனர். அன்று அவரது துறவற சபைச் சகோதரிகள் உடலைக் கழுவி மீண்டும் அடக்கம் செய்தார்கள். பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது தோலின் நிறம் மாறியிருந்தது. முகம் கறுத்து, கண்களும் மூக்கும் உள்வாங்கியிருந்ததால்தான், மக்களின் வணக்கத்துக்கு வைக்குமுன் மெழுகு உறை இடப்பட்டது. அழியாமை என்பது உடல் வழக்கம்போல் சிதைந்து போகாதிருப்பதையே குறிக்கிறது. உறங்குபவரின் முகப்பொலிவு அப்படியே நிலைத்திருக்கும் என்பது அதன் பொருளன்று.

இந்த அழியாமை விசுவாசக் கோட்பாடும் அன்று. புனிதர் பட்டத்துக்குத் தேவையான புதுமையாக (அற்புதமாக) இன்று அது ஏற்கப்படுவதும் இல்லை. ஈரம், வறட்சி, காற்றுப்புகாத பெட்டி ஆகியவை புனிதர் அல்லாதவரின் உடலையும் காக்கக்கூடும் என்பதைத் திருச்சபை அறியும். திருத்தந்தை 23-ஆம் யோவானின் உடல் 2001-இல் நன்னிலையில் காணப்பட்டபோது, அதைப் புதுமை என்று வத்திக்கான் அறிவிக்கவில்லை. பதின்ம வயதில் இறந்த இத்தாலியர் கார்லோ அகுத்திஸின் உடலைப் பற்றி வதந்தி பரவிய 2020-இல், அது அழியா உடலன்று என்று அசிசி ஆயரே தெளிவுபடுத்தினார். இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அப்படியானால் வணக்கம் எதற்கு? புனிதர்களின் உடல்கள் கிறிஸ்துவின் உயிருள்ள உறுப்புகளாகவும் தூய ஆவியாரின் கோவிலாகவும் இருந்தவை, கிறிஸ்துவால் உயிர்ப்பிக்கப்பட இருப்பவை என்பதே 1563-இல் திரெந்து நகரில் கூடிய திருச்சபையின் பொதுச்சங்கம் சொன்ன காரணம். இது முழு உடலுக்குப் பொருந்துவதுபோலவே ஒரு துண்டு எலும்புக்கும் பொருந்தும். பிரான்சின் லிசியூ நகரில் 1910-இல் குழந்தை இயேசுவின் தெரேசாவின் கல்லறையைத் திறந்தவர்கள் எலும்புகளை மட்டுமே கண்டனர். அவருக்கு 1925 மே மாதம் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது; பெர்னதெத் அருளாளரானது (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) அதற்கு அடுத்த மாதம்.