91 வயது அப்பாவின் சொத்துக்கு அற்றோர்னித் தத்துவம் போதுமா?

கேள்வி: திருகோணமலையில் உவர்மலை வீடு, நிலாவெளிக் காணி, நிலையான வைப்புகள், அப்பாவுக்கு 91 வயது, நினைவு தெளிவு.

அற்றோர்னித் தத்துவம், அதாவது அப்பாவுக்காக இன்னொருவர் கையொப்பமிட அவர் எழுதிக் கொடுக்கும் அதிகாரம், மட்டும் போதாது. அவர் கண்மூடிய அன்றே அது செல்லாது. அதன்பிறகு அதைக் காட்டிக் காசு எடுத்தால் சகோதரங்களே வழக்குப் போடுவார்கள்.

மரணசாசனத்தை (உயிலை) இப்பவே எழுதுங்கோ: நொத்தாரிசும் (உறுதி எழுதும் சட்டத்தரணி) இரண்டு சாட்சிகளும்; நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் ஒன்றாக நிற்கவேணும். அதே கிழமை வைத்தியரிடம் மனத்தெளிவுக் கடிதம் எடுங்கோ. கை நடுங்கிக் கையொப்பம் மாறியிருந்தால் வங்கி திருப்பி அனுப்பும். மாதிரிக் கையொப்பத்தைப் புதுப்பியுங்கோ, வைப்புகளுக்குப் பின்னுரித்தாளியையும் (அவருக்குப் பிறகு காசைப் பெறுபவர்) எழுத்தில் பதியுங்கோ.

வீட்டைப் பிள்ளைக்கு நன்கொடை உறுதியாக (தானப் பத்திரமாக) எழுதினால் சீவிய உரித்து, அதாவது உயிருள்ளவரை அதில் இருக்கும் உரிமை, அப்பாவுக்கே இருக்கட்டும். அதை எழுதாமல் விட்டால், பிள்ளை வீட்டில் அவர் விருந்தாளிதான்.