குண்டு எறிதல் பழக்கும்போது ‘எறி’ என்ற சொல் வேண்டாம்

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குண்டு எறிதல் பழக்குகிறேன். கால், இடுப்பு, முழங்கை என்று பத்து நிமிடம் விளக்குகிறேன். குண்டு கைக்கு வந்ததும் பந்து மாதிரி வீசுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளைகள் மேல் தப்பில்லை. விளையாட்டின் பெயரே ‘எறிதல்’. எறி என்று சொன்னால் கல்லெறிகிற மாதிரிதான் கை பின்னால் போகும், முழங்கை கீழே இறங்கும். முழங்கை மூட்டுக்கு அது நல்லதில்லை, விதிப்படி தவறும்கூட. குண்டு தோள் வரிசைக்குப் பின்னால் போகக் கூடாது அல்லவா? அதனால் மைதானத்தில் ‘தள்ளு’ என்றே சொல்லுங்கள்.

பிடிமானத்துக்கு ஒரு வாசகம்: “கழுத்தில் மண், உள்ளங்கை சுத்தம்.” அதாவது, குண்டு கழுத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், உள்ளங்கைக் குழியில் படக் கூடாது. குண்டில் கொஞ்சம் மண்ணோ சாக்பீஸ் தூளோ தடவிக் கொடுங்கள். தள்ளி முடித்ததும் கையை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்களின் அடிப்பாகத்தில் மட்டும் மண் இருந்தால் பிடி சரி. உள்ளங்கைக் குழியில் ஒட்டியிருந்தால் குண்டு அங்கே உட்கார்ந்துவிட்டது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

அசைவுக்கு மூன்று சொல்: “தாழ்… திரும்பு… தள்ளு!” முதல் சொல்லுக்கு முழங்கால் மடியும், இரண்டாவதற்கு இடுப்பு திரும்பும், கடைசியில்தான் கை. முதல் இரண்டையும் நிதானமாகச் சொல்லி, மூன்றாவதைச் சட்டென்று உரக்கச் சொல்லுங்கள். வேகம் எங்கே வர வேண்டும் என்பதை உங்கள் குரலே காட்டிவிடும். அப்புறம் பிள்ளைகளே வாய்க்குள் சொல்லிக்கொண்டு செய்யட்டும்.

முடிந்தவரை உடம்புக்கு வெளியே இருக்கிற ஒன்றைக் காட்டிப் பேசுங்கள். உடல் அசைவுகளை எப்படிக் கற்கிறோம் என்று ஆராயும் காப்ரியேலே வுல்ஃப் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஏறியவர்களில் காலைக் கவனித்தவர்களைவிடக் காலுக்குக் கீழிருந்த சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். ஆகவே “முழங்கையைத் தூக்கு” என்பதைவிட “அந்த வேப்பங்கிளைக்கு மேலே தள்ளு” என்பது பலன் தரும். எறிகோணமும் தானாக உயரும்.

ஒரு முறைக்கு ஒரு திருத்தம் போதும். பிடி தவறு, கால் தவறு, பார்வை தவறு என்று மூன்றையும் அடுக்கினால் எட்டாம் வகுப்புப் பிள்ளை எதைத்தான் நினைவில் வைக்கும்? குண்டைக் கழுத்தில் வைத்த பிறகு பேச்சே வேண்டாம். தள்ளியதும் உடனே குரல் கொடுக்காமல், விழுந்த இடத்தை அவர்கள் பார்த்து முடிக்கும்வரை பொறுங்கள். “இப்போ எப்படி இருந்தது?” என்று கேட்டுவிட்டு, அடுத்த முறைக்கான சொல்லை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.