யூஎஸ்பி7 தடுப்பான் போட்டும் ஹீலா செல்லில் பி53 ஏறவில்லையா?

மருந்தைக் குறை சொல்வதற்கு முன் செல்லை மாற்றிப் பாருங்கள். ஹீலாவில் (கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல்) யூஎஸ்பி7 தடுப்பானான பி5091 கொடுத்து 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் செல்கள் சாகின்றன, ஆனால் புரத அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பி53 (புற்றுநோயைத் தடுக்கும் புரதம்) பட்டை கூடவில்லை என்கிறீர்கள். ஹீலாவில் அது வியப்பே இல்லை.

வழக்கமாக எம்டிஎம்2 என்ற புரதத்தின் மேல் ஒட்டிய யூபிக்விட்டினை (அழிக்க வேண்டிய புரதத்துக்கு அடையாளமாக ஒட்டும் சிறு புரதம்) யூஎஸ்பி7 என்ற நொதி கழற்றி எம்டிஎம்2-ஐக் காப்பாற்றும், எம்டிஎம்2 பி53-ஐ அழிவுக்கு அனுப்பும். யூஎஸ்பி7-ஐ அடைத்தால் எம்டிஎம்2 சரிந்து பி53 ஏற வேண்டும். ஹீலாவிலோ எச்பிவி18 வைரஸின் ஈ6 புரதம், ஈ6ஏபி என்ற வேறொரு லைகேஸைக் (யூபிக்விட்டினை ஒட்டும் நொதி) கூட்டிக்கொண்டு பி53-ஐத் தீர்த்துக்கட்டுகிறது. எம்டிஎம்2 குறைந்தாலும் அங்கே பெரிதாக எதுவும் மாறாது.

1. எச்சிடி116 என்ற குடல் புற்றுநோய்ச் செல்லில் பி53 உள்ளது, நீக்கியது இரண்டிலும் 2, 4, 8, 24 மணியில் எம்டிஎம்2, பி53, பி21 (பி53 தூண்டும் புரதம்) பாருங்கள். 24 மணி மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் எம்டிஎம்2 மரபணுவைத் தூண்டுவதே பி53தான், முதலில் இறங்கியது அதற்குள் திரும்ப ஏறியிருக்கலாம்.

2. ஹீலாவில் எம்ஜி132 (செல்லின் புரதச் சிதைப்பை அடைக்கும் மருந்து) போட்ட மாதிரி ஒன்றும் ஓட்டுங்கள். அதில் பி53 ஏறினால் ஆன்டிபாடி சரி.

அப்புறம், யூபிக்விட்டின் ஏணியும் (ஒட்டிய யூபிக்விட்டின்களால் படிபடியாகத் தெரியும் பட்டைகள்) பார்ப்பதாக இருந்தால் செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில் என்-எத்தில்மலீமைடை (இந்த நொதிகளை முடக்கும் வேதிப்பொருள்) அப்போதைக்கப்போது கலந்து போடுங்கள், அதைச் செயலிழக்கச் செய்யும் டிடிடி கூடாது. இல்லாவிட்டால் செல்லை உடைத்த பிறகும் யூஎஸ்பி7 போன்ற நொதிகள் யூபிக்விட்டினை உரித்துக்கொண்டே இருக்கும்.

ஒன்று கவனம்: பி5091 அதே வகை நொதியான யூஎஸ்பி47-ஐயும் தடுக்கும். எஸ்ஐஆர்என்ஏ (குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) வைத்து யூஎஸ்பி7-ஐக் குறைத்தும் செல் சாகிறதா என்று பார்க்காமல், செல் சாவதை யூஎஸ்பி7 கணக்கில் எழுதாதீர்கள்.