கேளுங்க, பேசலாம்: பத்துல ஒம்பது பேர் கேட்டும் துப்பாக்கிச் சட்டம் ஏன் வரல?

கேள்வி: என் பொண்ணு குடும்பத்தோட ஹூஸ்டன்ல இருக்கா. பேரன் ஒண்ணாங்கிளாஸ். ஸ்கூல்ல லைட்டை அணைச்சு, கதவைப் பூட்டி, பிள்ளைங்களை மூலையில சத்தம் போடாம உக்கார வச்சு ட்ரில் பண்றாங்களாம், கேட்டதுல இருந்து மனசே சரியில்ல. அமெரிக்கால முக்கால்வாசி ஜனங்க துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேணும்னுதான் சொல்றாங்களாமே, அப்புறம் ஏன் சட்டம் போட மாட்டேங்கறாங்க?
(வாசகி ஒருத்தர், கும்பகோணம்)

பதில்: அம்மா, நீங்க கேள்விப்பட்டது சரிதான். துப்பாக்கி வாங்கற எல்லாருக்கும் பேக்ரவுண்ட் செக், அதாவது பழைய குற்றம் ஏதும் இருக்கான்னு பாக்கற விசாரணை, வேணுமான்னு கேட்டா அங்க பத்துல ஒம்பது பேர் வேணும்னுதான் சொல்றாங்க, பல வருஷமா சர்வேல இதேதான் வருது. ஆனா அந்த ஒம்பது பேரும் ஓட்டு போடப் போகும்போது விலைவாசி, வரி, ஆஸ்பத்திரி செலவுன்னு ஆயிரம் விஷயத்தை யோசிச்சு போடறாங்க. வேணாம்னு சொல்ற அந்த ஒருத்தர் துப்பாக்கியை மட்டும்தான் யோசிக்கறார், அதுவும் கட்சிக்குள்ளயே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற பிரைமரின்னு ஒண்ணு நடக்கும் பாருங்க, ரொம்ப கம்மியான பேர்தான் போவாங்க, அதுக்கும் தவறாம போயிடறார். அரசியல்வாதிக்கு பயம் அவர்கிட்டதான்.

இந்த பயம் எங்க ஆரம்பிச்சதுன்னா 1994. அதிபர் கிளின்டன் அந்த வருஷம் செப்டம்பர்ல, ராணுவ பாணி ரைபிள் பலதையும் பத்து வருஷத்துக்கு தடை பண்ற சட்டத்துல கையெழுத்து போட்டார். கீழ்சபையில அந்தத் தடை பாஸானதே 216க்கு 214ன்னு ரெண்டு ஓட்டு வித்தியாசத்துலதான். நவம்பர்ல தேர்தல். டெமாக்ரட் கட்சிக்கு கீழ்சபையில மட்டும் 54 சீட் போச்சு, 40 வருஷமா வச்சிருந்த மெஜாரிட்டியும் போச்சு. சபாநாயகர் டாம் ஃபோலியே தோத்தார், பதவியில இருக்கும்போதே ஒரு சபாநாயகர் சொந்தத் தொகுதியில தோத்தது 1862க்கு அப்புறம் அதான் முதல் தடவை. உங்க பொண்ணு இருக்கற ஹூஸ்டனுக்குப் பக்கத்துல பியூமான்ட்னு ஒரு ஊர், அந்தப் பக்கத்து மெம்பர் ஜாக் புரூக்ஸ், 42 வருஷம் சபையில இருந்தவர், துப்பாக்கித் தடையும் சேர்ந்து வந்த பெரிய குற்றத்தடுப்பு மசோதாவுல இருந்து அந்தத் தடையை எடுக்கச் சொல்லி போராடினவரே அவர்தான், கடைசியில மொத்த மசோதாவுக்கு ஆதரவா ஓட்டு போட்டார்னு அவரையும் தோக்கடிச்சாங்க. தோல்விக்கு வரி, மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்னு வேற காரணமும் இருந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. ஆனா வாஷிங்டன்ல இருந்தவங்க மனசுல பதிஞ்சது துப்பாக்கிதான். 2004ல அந்தத் தடை காலாவதி ஆச்சு, புதுப்பிக்க யாருக்கும் தைரியம் வரல.

2012 டிசம்பர்ல சாண்டி ஹூக் ஸ்கூல்ல 20 பிள்ளைங்க, 6 பெரியவங்க செத்தாங்க. எல்லாம் உங்க பேரன் வயசுப் பிள்ளைங்க. நாலு மாசம் கழிச்சு பேக்ரவுண்ட் செக்கை விரிவாக்கற மசோதா மேல்சபையான செனட்டுக்கு வந்துச்சு, 54 பேர் ஆதரவு, 46 பேர் எதிர்ப்பு, அப்பவும் தோத்துடுச்சு, ஏன்னா அங்க விவாதத்தை முடிச்சு ஓட்டெடுப்புக்குப் போகவே 60 பேர் வேணும். அதோட கிட்டத்தட்ட நாலு கோடி பேர் இருக்கற கலிஃபோர்னியாவுக்கும் ரெண்டு செனட்டர், ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் ரெண்டு செனட்டர். வேட்டையும் துப்பாக்கியும் வீட்டோட வாழ்க்கையா இருக்கற சின்ன ஸ்டேட்டுக்கெல்லாம் பெரிய ஸ்டேட் அளவுக்கே பலம் கிடைச்சுடுது.

2022 மே மாசம் பஃபலோல ஒரு சூப்பர் மார்க்கெட்ல 10 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. அந்தப் பக்கத்து ரிபப்ளிகன் மெம்பர் கிறிஸ் ஜேக்கப்ஸ், அந்த மாதிரி ரைபிளைத் தடை பண்ண நான் ஓட்டு போடறேன்னு வெளிப்படையா சொன்னார். சொல்லி ஒரு வாரத்துல, மறுபடி தேர்தல்ல நிக்கலன்னு அவரே அறிவிக்க வேண்டியதா போச்சு. அவர் கட்சிக்காரங்க அவ்ளோ வேகமா அவரைக் கைவிட்டாங்க. எனக்கு இதை நினைச்சா இப்பவும் ஆத்திரம் வருது, தன் ஊர்ல பத்து பேர் செத்ததைப் பாத்து மனசு மாறின மனுஷன் அவர்.

கேள்வி: அமெரிக்க அரசியல் சட்டத்துல துப்பாக்கி உரிமை இருக்கறதுதான் தடைன்னா, அதைத் திருத்திட்டு போக வேண்டியதுதானே?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: தம்பி, நம்ம நாட்டுல நூறு தடவைக்கு மேல திருத்தியாச்சு, அதனால ஈஸின்னு தோணுது. அங்க ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஆதரவு வேணும், அப்புறம் 50 ஸ்டேட்ல 38 ஒத்துக்கணும். 13 ஸ்டேட் முடியாதுன்னா முடிஞ்சுது.

இரண்டாவது திருத்தம் வந்தது 1791ல. ஒழுங்கா நடத்தற குடிப்படை நாட்டுக்கு அவசியம்னு தொடங்கி, ஆயுதம் வச்சுக்கற மக்கள் உரிமையை மீறக் கூடாதுன்னு முடியும். இது குடிப்படைக்கா தனி மனுஷனுக்கான்னு ரொம்ப காலம் வாதம் ஓடுச்சு. 2008ல ஹெல்லர் வழக்குல 5க்கு 4ன்னு, தனி மனுஷனுக்குத்தான், வீட்ல பாதுகாப்புக்கு கைத்துப்பாக்கி வச்சுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2022ல புரூயன் வழக்கு, இன்னும் ஒரு படி மேல. நியூயார்க்ல நூறு வருஷத்துக்கு மேல இருந்த லைசென்ஸ் விதியை ரத்து பண்ணி, இனி எந்தக் கட்டுப்பாடா இருந்தாலும் பழைய வரலாற்றுல அதுக்கு முன்மாதிரி காட்டணும்னாங்க. இதான் எனக்கு ஏத்துக்க முடியாத இடம், ஒரு நிமிஷத்துல எத்தனையோ ரவுண்டு சுடற ஆயுதத்துக்கு, ஒவ்வொரு குண்டா கெட்டிச்சு சுட்ட காலத்துல முன்மாதிரி தேடணுமா? ஆனா எல்லாமே போச்சுன்னும் சொல்ல முடியாது, 2024ல ரஹிமி வழக்குல, குடும்ப வன்முறைக்காக கோர்ட் தடை உத்தரவு போட்ட ஆள்கிட்ட துப்பாக்கி இருக்கக் கூடாதுங்கற சட்டம் செல்லும்னு 8க்கு 1ன்னு தீர்ப்பு வந்துச்சு.

கேள்வி: கட்டுப்பாட்டை ஆதரிச்சு ஜெயிச்சவங்களே கிடையாதா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: இருக்காங்க. ஜார்ஜியாவுல லூசி மெக்பாத்னு ஒரு அம்மா, மகனைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவங்க, அதையே பேசி 2018ல ஜெயிச்சாங்க. 1994 அலையில சபாநாயகர் ஆனாரே நியூட் கிங்ரிச், அவர் வச்சிருந்த அதே ஆறாம் நம்பர் தொகுதி. அதே 2018ல ஃபுளோரிடால பார்க்லேண்ட் ஸ்கூல்ல 17 பேர் செத்ததும், ரிபப்ளிகன் கவர்னர் ரிக் ஸ்காட், துப்பாக்கி வாங்கற வயசை 21 ஆக்கி சட்டம் போட்டார், துப்பாக்கி உரிமைக்காகப் போராடற பெரிய சங்கமான என்.ஆர்.ஏ. அன்னிக்கே கேஸ் போட்டுச்சு, ஆனா நவம்பர்ல அவர் சுமார் பத்தாயிரம் ஓட்டுல செனட்டர் ஆயிட்டார். டெக்சாஸ்ல யுவால்டே ஸ்கூல்ல 19 பிள்ளைங்களும் 2 டீச்சரும் சுடப்பட்டு செத்த பிறகு 2022 ஜூன்ல ஒரு சட்டம் வந்துச்சு, 21 வயசுக்குக் கீழ இருக்கறவங்க வாங்கினா கூடுதலா விசாரிக்கணும்னு. செனட்ல 15 ரிபப்ளிகன்கள் ஆதரிச்சாங்க. அதுக்குப் பேச்சு நடத்தின டெக்சாஸ் செனட்டர் ஜான் கார்னினை, ஹூஸ்டன்ல நடந்த அவர் கட்சி மாநாட்டுலயே அவர் பேசும்போது கூச்சல் போட்டாங்க. இருந்தும் அவர் பின்வாங்கல, சட்டம் பாஸ் ஆச்சு.

கேள்வி: நம்ம அரசியல் சட்டத்துல இப்படி ஒரு உரிமையை யாரும் கேக்கலையா?
(வாசகர், சேலம்)

பதில்: கேட்டாங்க. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்துலயே, விதிமுறைக்கு உட்பட்டு குடிமக்கள் ஆயுதம் வச்சுக்கலாம்னு இருந்துச்சு. 1948ல அரசியல் நிர்ணய சபையில எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையா சேக்கச் சொன்னார், அம்பேத்கர் ஒத்துக்கல, விழுந்துடுச்சு. இப்ப இருக்கறது 1959 ஆயுதச் சட்டம், லைசென்ஸ் குடுக்கறதும் மறுக்கறதும் அரசாங்கத்து கையில. தேர்தல் அறிவிச்சா துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றாங்க, ஜனங்க கொண்டு போய் குடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வர்றாங்க, அதுக்காக இங்க யாரும் ஓட்டை மாத்திப் போட்டதா நான் பாத்ததில்ல.