பில் அக்கா பேர்ல, ஷாக் தங்கச்சிக்கு: கேஸ் யார் மேல?

கோயம்புத்தூர்ல பிபிஏ படிக்கிற ஒரு தம்பியோட கேள்வி: "சார், எங்கப்பா வீட்டு உபயோகப் பொருள் கடை வச்சிருக்கார். ஒரு சின்ன யூனிட்ல டேபிள் டாப் கிரைண்டர் வாங்கி எங்க கடை பேரை ஸ்டிக்கர் ஒட்டி விக்கறோம். போன மாசம் ஒரு அக்கா வாங்கிட்டுப் போனாங்க, அவங்க வீட்டுக்கு வந்த தங்கச்சி மாவாட்டும்போது ஷாக் அடிச்சு கையில காயம். தங்கச்சி எங்ககிட்ட எதுவும் வாங்கல. வாரன்டி கார்டுலயும் பார்ட்ஸ் மட்டும்தான் மாத்தித் தருவோம்னு போட்டிருக்கோம். கேஸ் போட முடியுமா? செமஸ்டர்ல டார்ட், ப்ராடக்ட் லயபிலிட்டி வேற இருக்கு, ஒண்ணும் புரியல."

போடலாம் தம்பி, தாராளமா போடலாம். உங்க செமஸ்டர் பாடமும் இந்த கிரைண்டருக்குள்ளயே இருக்கு, அதனால ரெண்டையும் சேர்த்தே சொல்றேன்.

"வாங்கினவங்களுக்குத்தான் நான் பதில் சொல்லணும்" அப்படிங்கறது ஒப்பந்தச் சட்டத்தோட கணக்கு. டார்ட், அதாவது தீங்கியல் சட்டம், ஒப்பந்தம் இருக்கான்னே பார்க்காது, உங்களால இன்னொருத்தருக்குத் தீங்கு வந்துச்சா, அதைத் தடுக்கற கடமை உங்களுக்கு இருந்துச்சான்னுதான் கேக்கும். இதுக்கு எல்லா காலேஜ்லயும் சொல்ற கேஸ் டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன். 1928 ஆகஸ்ட்ல ஸ்காட்லாந்து பெய்ஸ்லி ஊர்ல ஒரு கஃபே, மே டோனஹ்யூங்கற அம்மாவுக்கு அவங்க ஃப்ரெண்ட் ஜிஞ்சர் பீர் வாங்கித் தர்றாங்க, உள்ள இருக்கறது தெரியாத கறுத்த கண்ணாடி பாட்டில், பாதி குடிச்சப்புறம் மீதியை ஊத்தினா அழுகின நத்தை வந்து விழுந்துச்சுன்னு புகார். காசு கொடுத்தது ஃப்ரெண்ட், அதனால இந்த அம்மாவுக்கு யார்கூடவும் ஒப்பந்தம் கிடையாது. கேஸ், அப்போ அந்த நாட்டோட உச்ச நீதிமன்றமா இருந்த லண்டன் பிரபுக்கள் சபை வரைக்கும் போயி 1932ல மூணுக்கு ரெண்டுன்னு தீர்ப்பு வந்துச்சு: தயாரிச்ச கம்பெனிக்கு, கடைசியா அதைக் குடிக்கறவங்க மேல அக்கறை காட்டற கடமை உண்டு. அந்தத் தீர்ப்புல நீதிபதி லார்ட் அட்கின் சொன்ன 'அண்டை வீட்டார்' கொள்கை இதுதான், நீங்க செய்யற காரியம் யாரைப் பாதிக்கும்னு நியாயமா யோசிச்சாலே தெரியுமோ அவங்க எல்லாரும் சட்டத்துக்கு உங்க அண்டை வீட்டார். பாட்டில்ல நெசமாவே நத்தை இருந்துச்சான்னு எந்த கோர்ட்டும் கடைசி வரைக்கும் விசாரிக்கல, அதுக்குள்ள சமரசம் ஆயிடுச்சு.

உங்க கதையில ஃப்ரெண்ட் இடத்துல அக்கா, டோனஹ்யூ இடத்துல தங்கச்சி, அவ்ளோதான் வித்தியாசம். நம்ம நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், வாங்கினவங்க சம்மதத்தோட பொருளைப் பயன்படுத்தறவங்களும் நுகர்வோர்தான்னு தெளிவா சொல்லுது.

ஆனா நத்தை கேஸ் கவனக்குறைவு அடிப்படையில போனது. அதுல கடமை இருந்துச்சு, அதை மீறினாங்க, நஷ்டம் வந்துச்சு, அது அந்த மீறலாலதான் வந்துச்சுன்னு நாலையும் பாதிக்கப்பட்டவங்கதான் நிரூபிக்கணும். ஃபேக்டரிக்குள்ள என்ன நடந்துச்சுன்னு வெளியில இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த இடத்துலதான் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2020 ஜூலையில அமலுக்கு வந்தது) பெரிய மாத்தம் கொண்டு வந்துச்சு, ப்ராடக்ட் லயபிலிட்டிக்குன்னு, அதாவது குறையுள்ள பொருளால வர்ற தீங்குக்கான பொறுப்புக்குன்னு, தனி அத்தியாயமே இருக்கு, 82ல இருந்து 87 வரைக்கும் பிரிவுகள். 84ஆம் பிரிவுப்படி தயாரிப்புல குறை, டிசைன்ல குறை, சரியான எச்சரிக்கையோ பயன்படுத்தற விவரமோ இல்லாதது, இதுல ஒண்ணு இருந்து அதனால தீங்கு வந்தாலே தயாரிப்பாளர் பொறுப்பு. முதல் ரெண்டுக்கும் உதாரணம் கேட்டா இப்படி எழுதுங்க: உங்க ஒரு மெஷின்ல மட்டும் ஒயர் உரிஞ்சு பாடியைத் தொட்டுச்சுன்னா தயாரிப்புக் குறை, எல்லா மெஷின்லயும் மாவுத் தண்ணி மோட்டார்ல இறங்கற மாதிரியே அமைப்பு இருந்தா டிசைன் குறை. வாரன்டி கொடுத்ததுல கவனக்குறைவோ மோசடியோ இல்லைன்னு நிரூபிச்சாலும், சொன்ன மாதிரி பொருள் இல்லைன்னா பொறுப்பு போகாது.

"தயாரிச்சது யூனிட்டுதானே சார்"னு கேப்பீங்க. அடுத்தவர் செஞ்ச பொருள்ல தன்னோட மார்க்கைப் போடறவரும் தயாரிப்பாளர்தான்னு சட்டத்தோட விளக்கத்துலயே இருக்கு. ஸ்டிக்கர் ஒட்டின அன்னிக்கே உங்கப்பா தயாரிப்பாளர் ஆயிட்டார். இதை நிறைய கடைக்காரங்க யோசிக்கறதே இல்ல, எனக்கு ரொம்ப கவலை தர்ற விஷயமும் இதுதான். ஸ்டிக்கர் ஒட்டலைன்னாலும், தயாரிச்சது யார்னே காட்ட முடியாத சரக்கை வித்தா 86ஆம் பிரிவுல பொறுப்பு கடைக்காரர் தலையிலதான் விழும், அதனால பில் இல்லாம சரக்கு எடுக்கற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

வாரன்டி கார்டு இங்க உதவாது. மோட்டார் எரிஞ்சா அது வாரன்டி பிரச்சனை, சட்டத்துல 'தீங்கு'ங்கற சொல்லுக்குள்ள அந்தப் பொருளுக்கே ஆன சேதம் வராது. கையில காயம், அதனால வந்த மன வேதனை, இதெல்லாம் தீங்கு, அதை பார்ட்ஸ் மாத்திக் கொடுத்து முடிக்க முடியாது.

உங்க பக்கம் வாதமே இல்லையான்னா, இருக்கலாம். அந்த வீட்டுல யாராச்சும் மூணு பின் ப்ளக்கை வெட்டிட்டு ரெண்டு பின் மாட்டியிருந்தா எர்த் போயிடும். பொருளை மாத்தியிருந்தா, தப்பா பயன்படுத்தியிருந்தா விற்பவர் மேல கேஸ் நிக்காதுன்னு 87 சொல்லுது. ஆனா அங்க 'விற்பவர்'னுதான் எழுதியிருக்கு, தயாரிப்பாளர்ங்கற முறையில நிக்கறப்போ உங்கப்பா காயத்துக்குக் காரணம் மெஷின் குறை இல்ல, ப்ளக் மாத்தினதுதான்னு வாதாடணும். பரீட்சையில இந்த வித்தியாசத்தைக் காட்டினா நல்ல மார்க் வரும்.

இப்போ செய்ய வேண்டியது. முதல்ல அப்பாவும் நீங்களும் நேர்ல போயி அந்தப் பொண்ணு எப்படி இருக்குன்னு பாருங்க. மெஷினைத் திறக்காதீங்க, ரிப்பேர் பண்ணித் தர்றோம்னு தூக்கிட்டும் வராதீங்க, கேஸை விசாரிக்கற நுகர்வோர் ஆணையம் அதை லேப்புக்கு அனுப்பலாம், கை வச்சிருந்தா சந்தேகம் உங்க மேலதான் வரும். அதே லாட்ல மிச்சம் இருக்கறதை விக்கறதை நிறுத்துங்க, ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு போன் போட்டு பயன்படுத்த வேண்டாம்னு இன்னிக்கே சொல்லுங்க, இன்னொரு வீட்டுல யாருக்கும் அடிபடக் கூடாது. யூனிட்டோட பில்லையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு ஒரு வக்கீலைப் பாருங்க.

கேஸ் போட அந்தத் தங்கச்சிக்கு ரெண்டு வருஷம் டைம் இருக்கு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம், பொருளோட விலை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமே கிடையாது, வக்கீல் வைக்கணும்னும் கட்டாயம் இல்ல. அதனால கேஸ் போட மாட்டாங்கன்னு நம்பி உக்காராதீங்க.

இனிமே ஸ்டிக்கர் ஒட்டித்தான் விக்கணும்னா, குறையால வர்ற நஷ்டத்தை யூனிட்டே ஏத்துக்கணும்னு எழுத்துல ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் சீரியல் நம்பர் வாங்குங்க, ப்ராடக்ட் லயபிலிட்டி இன்சூரன்ஸும் விசாரிங்க. எச்சரிக்கையை தமிழ்லயே, எர்த் உள்ள மூணு பின் பாயின்ட்லதான் போடணும்னு, மாவாட்டறவங்க கண்ணுல படற மாதிரி மெஷின் மேலயே ஒட்டுங்க.