கேமராவும் கையுமாகக் கல்லூரியை முடிப்பவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

மதுரை வட்டாரத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இறுதியாண்டு மாணவர்கள் எழுதியவை. கல்யாண சீசன் போட்டோ வேலையும் கடைசி செமஸ்டரும் ஒன்றாக வந்து நிற்கிற நேரம். அதனால் இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டோம்.

பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். கேமரா வாங்க அப்பா ஒன்றரை லட்சம் தருகிறேன் என்கிறார். ஃபுல் ஃப்ரேம் பாடி (ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள, லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கிவிடலாமா? – உசிலம்பட்டி வாசகர்

வாங்கலாம். ஆனால் ஒன்றரை லட்சத்தையும் பாடியிலேயே போட்டுவிட்டால், முகூர்த்தத்துக்குப் போகும்போது கையில் ஃப்ளாஷ் இருக்காது, மாற்று பேட்டரி இருக்காது, படத்தைப் பத்திரப்படுத்த ஹார்ட் டிஸ்க் இருக்காது. மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகக் கூடாது. அந்தப் பாதியில், இரண்டு மெமரி கார்டு போடும் வசதியுள்ள செகண்ட் ஹேண்ட் பாடியாகத் தேடுங்கள். மீதியில் ஒரு 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ், மேனுவல் ஃப்ளாஷ் இரண்டு, அவற்றைத் தூரத்திலிருந்து இயக்கும் டிரிக்கர், ஸ்டாண்ட் இரண்டு, 64 ஜி.பி. கார்டு நான்கு, ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். 24-70, 70-200 எம்.எம். போன்ற விலை கூடிய ஜூம் லென்ஸ்களை முதல் வருடம் முழுக்க நாள் வாடகைக்கு எடுத்தே ஓட்டலாம். எந்த லென்ஸ் உங்கள் கைக்கு ஒத்துவருகிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

பழைய லென்ஸை வெளிச்சமான கடையில் பார்த்து வாங்காதீர்கள். நிழலான இடத்துக்குக் கொண்டுபோய், பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் பெரிய பாதகமில்லை. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் கிளை பிரிந்து தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பாடிக்கு மூன்று சோதனை. லென்ஸ் மூடியைப் போட்டபடி ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 3200-ல் பத்து விநாடி எடுத்துப் பாருங்கள். சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மண்டியிருந்தால் சென்சாரில் கோளாறு. எஃப் 16 வைத்து, அதாவது லென்ஸ் துளையைச் சுருக்கி, வெறும் வானத்தை எடுத்தால் சென்சார் அழுக்கு தெரிந்துவிடும். மூன்றாவது, ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்பது. எல்லா பிராண்டிலும் இந்த எண் படக்கோப்பில் பதிவாவதில்லை. பதிவாகாத பாடியை சர்வீஸ் சென்டரில் காட்டிச் சரிபார்த்துத் தந்தால்தான் பணம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில்தான் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். கேமரா பையை பீரோவுக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். சின்ன ஈரப்பத மானி ஒன்றை உள்ளே போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணங்களுக்கு செகண்ட் ஷூட்டராக, அதாவது மெயின் போட்டோகிராபருக்குத் துணையாக, போகிறேன். மண்டபத்தில் எடுக்கும் படங்களில் குறுக்கே கோடு கோடாக விழுகிறது. முகமெல்லாம் ஆரஞ்சு நிறம். கேமராவில் கோளாறா? – விஸ்காம் மாணவர், மேலூர்

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. கோட்டுக்குக் காரணம் விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கித் துலங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் வேகத்தை 1/250, 1/500 விநாடி என்று வைத்தால் அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு துண்டு மட்டும் சிக்கி, படத்தில் பட்டையாக விழுகிறது. 1/100 அல்லது 1/50 வையுங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். சத்தமில்லாமல் எடுக்க எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தால் முதலில் அதை அணையுங்கள். அது படத்தை வரிவரியாகப் படிப்பதால் கோடு இன்னும் மோசமாகும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது 50 என்பது கொஞ்சம் முன்பின்னாகும். அந்த நேரத்தில் 1/100-லும் லேசாகக் கோடு வரலாம். ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். ரிசப்ஷன் மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்.இ.டி. சுவரின் துடிப்பு வேறு, அது மிக வேகமானது. உங்கள் கேமராவில் ஷட்டர் வேகத்தை நுணுக்கமாக நகர்த்தும் ஃப்ளிக்கர் அமைப்பு இருந்தால் அதைக் கொண்டு சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் சுவர் நேராகப் பின்னால் வராத கோணத்துக்கு நகருங்கள்.

ஆரஞ்சு நிறம் வேறு கதை. மேடையில் மஞ்சள் ஒளி 3200 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு), உங்கள் ஃப்ளாஷ் ஏறத்தாழ 5500. இரண்டும் ஒரே முகத்தில் விழும்போது எதைச் சரிசெய்தாலும் மற்றது கெடும். வீடியோகிராபரிடம் போய், “அண்ணே, லைட் எத்தனை கெல்வின்ல வச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிடுங்கள். அவர் 3200 என்றால் ஃப்ளாஷ் முகப்பில் ஒளியை மஞ்சளாக்கும் முழு சி.டி.ஓ. ஆரஞ்சு ஜெல் தாள் ஒட்டி, கேமராவின் ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) 3200-க்கு அருகில் வையுங்கள். அவர் 5600 என்றால் ஜெல் வேண்டாம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்ப வேண்டாம். நலங்கு, மஞ்சள் நீராட்டில் மஞ்சளே நிறைந்திருப்பதால் அது மஞ்சளைக் குறைக்கப் பார்த்து முகத்தை வெளிறவைத்துவிடும்.

கூரையில் ஃப்ளாஷை அடித்து ஒளியைத் திருப்புவது வெள்ளைக் கூரை உள்ள சின்ன வீட்டுக்குச் சரி. மண்டபத்தில் கூரை உயரம், அதோடு துணி அலங்காரம். ஒளி திரும்பி வராது. கிராமத்து வீடுகளில் பச்சை, நீலச் சுவரில் அடித்தால் அந்த நிறம்தான் முகத்தில் வரும். மண்டப மேடைக்கு இரண்டு ஸ்டாண்டில் ஃப்ளாஷ் வைத்து, எட்டடி உயரத்தில், மேடையின் இருபுறமும் 45 டிகிரியில் நிறுத்துங்கள். 1/8 பவர், ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 4, ஷட்டர் 1/100 என்று ஆரம்பித்து, அங்கிருந்து கூட்டிக் குறையுங்கள். ஒளி பக்கவாட்டிலிருந்து வருவதால் ஓமப்புகை வெள்ளைத் திரையாக முன்னால் நிற்காது.

தாலி கட்டும் நேரத்துக்குத் தனியாக ஒன்று. கெட்டிமேளம் கேட்ட பிறகு இடம் தேடினால் தாமதம். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்குச் சுற்றி அனுப்பும்போதே உங்கள் இடத்தைப் பிடித்து முழங்காலிட்டுவிடுங்கள். அட்சதை பறக்கும்போது ஃபோகஸ் அரிசிக்குத் தாவும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை மணப்பெண்ணின் கண்ணில் வைத்து, தாவும் வேகத்தை மெனுவில் குறைத்து வையுங்கள். மெயின் போட்டோகிராபர் முன்னால் நிற்பார். செகண்ட் ஷூட்டரான உங்கள் இடம் பின்பக்கம். நாத்தனார் முடிச்சுப் போடும் விரல்களை அங்கிருந்துதான் எடுக்க முடியும்.

காதுகுத்து விழாவில் கார்டு ‘எரர்’ காட்டியது. வேறு வழி தெரியாமல் ஃபார்மட் செய்து மீதியை எடுத்தேன். முதல் பாதி போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா? – வாடிப்பட்டி வாசகர்

மனசு கஷ்டப்படுகிறது. ஓரளவுக்குக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. சாதாரண ஃபார்மட்டில் அழிவது பொருளடக்கம் மட்டும்தான்; படங்கள் கார்டிலேயே இருக்கும். ஆனால் அதே கார்டில் நீங்கள் தொடர்ந்து எடுத்த ஒவ்வொரு படமும் பழையதின் மேல் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பகுதி இனி வராது. இப்போதே கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். கார்டு ரீடரில் போட்டு ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீட்ட கோப்புகளை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். அதே கார்டில் சேமித்தால் மிச்சமும் போகும். கார்டை முழுக்க அழிக்கும் லோ-லெவல் ஃபார்மட் செய்திருந்தால் நம்பிக்கை மிகக் குறைவு.

ஏன் வந்தது என்பதையும் பாருங்கள். சிவப்பு விளக்கு மின்னும்போது, அதாவது கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது, பேட்டரியை உருவினால் பொருளடக்கம் உடையும். இன்னொன்று போலி கார்டு: மேலே 128 ஜி.பி. என்று இருக்கும், உள்ளே 16 கூட இருக்காது. புதுக் கார்டு வாங்கியதும் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் ஒருமுறை நிரப்பிச் சோதியுங்கள். 64 ஜி.பி. கார்டில் 24 மெகாபிக்சல் கேமராவின் கம்ப்ரஸ்டு ரா படங்கள் (சுருக்கிய மூலக் கோப்புகள்) சுமார் 2,000 கொள்ளும். அதற்குமேல் பெரிய கார்டு வேண்டாம், போனால் மொத்தமாகப் போகும். கேமராவில் இரண்டு கார்டு ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதிவாகும்படி வையுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மட்.

காதுகுத்து பற்றி எழுதியதால் ஒன்று சொல்ல வேண்டும். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்ததும் ஆசாரியின் கை முகத்தை மறைக்கும். எந்தக் காதில் முதலில் குத்துவார் என்று முன்பே கேட்டு, அதற்கு எதிர்ப்புறம் நில்லுங்கள். மாமன் முகமும் பிள்ளை முகமும் சேர்ந்து கிடைக்கும். சிவப்பு ஷாமியானாவுக்குக் கீழே என்றால் எல்லாரும் சிவந்துதான் தெரிவார்கள். பந்தலின் ஓரத்தில், வெளி வெளிச்சம் விழும் பக்கமாக உட்காரச் சொல்லி முன்பே கேட்டுக்கொள்வது ஒன்றே வழி. எடிட்டிங்கில் இதை முழுதாகத் திருத்த முடியாது.

ஸ்டுடியோவுக்காக நாள் சம்பளத்தில் எடுத்த படங்களை ஓனர் தன் பெயரில் போடுகிறார். என் போர்ட்ஃபோலியோவில் (வேலை மாதிரித் தொகுப்பில்) போடவும் கூடாது என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? – கல்லூரி மாணவி, தல்லாகுளம்

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, படம் எடுத்தவரே பொதுவாக முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எடுத்ததும் முதலாளிக்கே. ஆகவே ஓனர் போர்ட்ஃபோலியோவுக்குத் தடை சொல்வதில் சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம்தான். ஆனால் “இதை எடுத்தது நான்” என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-வது பிரிவின்படி உங்களிடமே இருக்கிறது. பதிப்புரிமை கைமாறினாலும் அது போகாது.

சண்டைக்குப் போவதைவிட அடுத்த வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினால் போதும்: “அண்ணா, 14-ம் தேதி வேலைக்கு வருகிறேன். சம்பளம் இவ்வளவு, வேலை முடிந்த அன்றே. ஆல்பம் டெலிவரி ஆன பிறகு, நான் எடுத்ததில் 15 படங்களை ஸ்டுடியோ பெயரோடு என் போர்ட்ஃபோலியோவில் போட்டுக்கொள்கிறேன். சம்மதமா?” ‘ஓகே’ என்று பதில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். படத்தில் இருக்கும் குடும்பத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், குறிப்பாக மஞ்சள் நீராட்டுப் படங்களுக்கு. சிறுமிகளின் படங்களை அனுமதியின்றி எங்கேயும் போடவே கூடாது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை போர்ட்ஃபோலியோவுக்காக எடுக்க ஆசை. என்ன தயாரிப்பு வேண்டும்? – திருமங்கலம் வாசகர்

அனுமதிச் சீட்டு இல்லாமல் தடுப்புக்குள் போக முடியாது, போக முயலவும் வேண்டாம். 2022-ல் அந்த நெரிசலில் உயிர்கள் போயிருக்கின்றன. முதுகில் பெரிய பை, கையில் டிரைபாட் என்று போகாதீர்கள். ஒரு பாடி, ஒரு லென்ஸ், மாற்று பேட்டரி போதும். கார்டு சட்டைப் பையில். விடியும் முன்பே ஆரம்பிப்பதால் ஐ.எஸ்.ஓ. 3200 முதல் 6400, ஷட்டர் 1/250-க்குக் குறையாமல். அழகர் வரும் தங்கக் குதிரை பளபளப்பதால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டியோ குறைத்தோ வைக்கும். மேனுவலில் வைத்து, தங்கத்தில் விவரம் தெரிகிறதா என்று கேமரா காட்டும் ஒளி வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

பக்தர்கள் தண்ணீர் பீய்ச்சுவார்கள். கேமராவுக்கு மழையுறை வேண்டும். இல்லையென்றால் கெட்டியான பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். லென்ஸ் துடைக்கக் காய்ந்த பருத்தித் துணி நான்கு.

அழகரைத் தெளிவாக எடுத்த படங்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. முந்தின இரவு எதிர்சேவை (அழகரை எதிர்கொண்டு வரவேற்பது), கள்ளழகர் வேடமிட்டு நீர் பீய்ச்சுபவர்களின் முகம், அழகர் தங்கிச் செல்லும் மண்டகப்படிப் பந்தல்கள், ஆற்றங்கரையில் மொட்டை போடும் வரிசை என்று ஒரே ஆளை அல்லது ஒரே குடும்பத்தை இரவு முதல் மதியம் வரை தொடருங்கள். 12 படங்கள் கொண்ட ஒரு தொடர், தனித்தனியான 100 படங்களைவிட உங்களுக்கு வேலை வாங்கித் தரும்.

கல்லூரி முடிந்ததும் ஒரு நிறுவனம் பொருட்களைப் படமெடுக்கக் கேட்கிறது. ஜி.எஸ்.டி. பில் வேண்டுமாம். – வில்லாபுரம் வாசகர்

சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பான் எண், வங்கிக் கணக்கு, வரிசை எண்ணோடு சாதாரண பில் கொடுங்கள், அதில் ஜி.எஸ்.டி. வாங்கக் கூடாது. உத்யம் என்ற சிறு தொழில் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். கட்டணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம். நிறுவனம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, கட்ட வேண்டிய வரி போக மீதியைத் திரும்பப் பெறலாம்.

ஆல்பம் பிரிண்ட் இருட்டாக வருகிறது, முகம் மடிப்பில் வெட்டுப்படுகிறது. – திருப்பரங்குன்றம் வாசகர்

12-க்கு 36 அங்குல ஷீட் என்றால் 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 10,800-க்கு 3,600 பிக்சல். மடிப்பு சரியாக 5,400-ல் விழும். அதன் இருபுறமும் 300 பிக்சல் தூரத்துக்கு முகமோ தாலியோ வரக் கூடாது. வெளி ஓரங்களில் 150 பிக்சல் வெட்டுக்குப் போகும். குரூப் போட்டோவில் ஆட்கள் இரட்டைப்படையாக நின்றால் மடிப்பு இருவருக்கு நடுவே விழும். ஒற்றைப்படையாக நின்றால் நடு ஆள் மாட்டிக்கொள்வார். மேடையில் எடுக்கும்போதே இதை எண்ணிக்கொள்ளுங்கள்.

இருட்டுக்குக் காரணம், உங்கள் லேப்டாப் திரையின் வெளிச்சம் முழுக்க ஏறியிருப்பது. பாதிக்கும் கீழே குறைத்து எடிட் செய்யுங்கள். எஸ்.ஆர்.ஜி.பி. நிறத்தில், உயர்ந்த தரத்தில் ஜேபெக்காக அனுப்புங்கள். 40 ஷீட்டும் போடுவதற்கு முன் மாப்பிள்ளை முகம், பட்டுப்புடவை, இரவுப் படம் மூன்றையும் ஒரே 12-க்கு 18 தாளில் சேர்த்து லேபில் ஒரு பிரிண்ட் போட்டு, பகல் வெளிச்சத்தில் திரையோடு வைத்துப் பாருங்கள்.