ஆற்று நீர் மாதிரியைத் தயாரிக்கும் முறை கார்பன்-14 அளவை மாற்றுமா?

ஒரே ஆற்றில் ஒரே நாளில் எடுத்த நீருக்கு இரண்டு ஆய்வகங்கள் வெவ்வேறு கார்பன்-14 வயதை (கதிரியக்கக் கார்பன்-14 எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதிலிருந்து கணிக்கும் வயது; அது குறைவாக இருந்தால் வயது அதிகம்) தருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கருவியைவிட மாதிரித் தயாரிப்பையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

வட ஜெர்மனியின் ஆல்ஸ்டர், டிராவே போன்ற கடின நீர் (சுண்ணாம்பு மிகுதியாகக் கரைந்த நீர்) ஆறுகளை எடுத்துக்கொள்வோம். நீரில் கரைந்துள்ள கனிமக் கார்பனை அளக்க, பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து, வெளியேறும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கிராஃபைட்டாக மாற்றுவார்கள். முதலில் வடிகட்டாவிட்டால், நீரில் மிதக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களும் அதே அமிலத்தில் கரைந்து, கார்பன்-14 அறவே இல்லாத தொல்கார்பனைச் சேர்த்துவிடும். அது 1 சதவீதம் கலந்தாலே வயது சுமார் 80 ஆண்டும், 5 சதவீதம் கலந்தால் 400 ஆண்டுக்கு மேலும் கூடித் தெரியும். வடிகட்டும்போது காற்று பட்டாலோ, அதிலுள்ள இக்காலக் கார்பன் கலந்து, பெரும்பாலும் வயது குறைந்து தெரியும். நீரைக் காரமாக்கிப் பேரியம் கார்பனேட்டாக வீழ்படியச் செய்யும் பழைய முறையில் இந்த ஆபத்து மிக அதிகம், ஏனெனில் கார நீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை விரைந்து உறிஞ்சும். புட்டியை மூடிய பிறகும் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைத்து, அதன் கார்பனைக் கனிமக் கார்பனோடு கலந்துகொண்டிருக்கும் என்பதால், அவற்றைக் கொல்ல சிறிதளவு மெர்க்குரிக் குளோரைடு இடுவது வழக்கம் (கொடிய நஞ்சு, கழிவுநீர்த் தொட்டியில் கொட்டக் கூடாது).

கரைந்த கரிமச் சேர்மங்களை அளப்பதாயின், அமிலமிட்டுக் கனிமக் கார்பனை முழுவதும் வெளியேற்றிய பிறகே புற ஊதாக் கதிரால் ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும்.